டீச்சர், நீங்கள் படம் பார்க்க மாட்டீர்களா?

இவ்வாண்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வழக்கம்போல் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நானும் வழக்கமான உரையைத்தான் ஆற்றினேன். பிள்ளைகள் அதிக நேரம் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் தொடர் நாடகங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி நாள்களில் திரைப்படம் கூடவே கூடாது. இருபது ஆண்டுகளாக இதே உரை. இடையில் சில சொற்கள் மட்டும் மாறியிருக்கின்றன. முதலில் ‘விசிடி’ என்றேன். பிறகு ‘ஆஸ்ட்ரோ’ என்றேன். இப்பொழுது ‘யூடியூப்’ என்கிறேன்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்தார். “டீச்சர், நீங்க வீட்டுல படமே பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டார். மண்டபம் சிரித்தது. “நல்ல படமா இருந்தா பார்ப்பேம்மா” என்று சொல்லி நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான் சொன்னது பொய். நல்ல படமும் பார்ப்பேன். நல்லதல்லாத படமும் பார்ப்பேன். ‘திருவிளையாடல்’ படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. விடைத்தாள் திருத்தும் இரவுகளில் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு ஏதாவது ஒரு பழைய படத்தை ஓடவிடுவது என் வழக்கம். பாதி வசனம் எனக்கு மனப்பாடம் என்பதால் ஒலி தேவைப்படுவதுமில்லை. அந்தத் தாயாருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இப்பொழுதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 1980களில் எங்கள் லயத்தில் முதன்முதலாகத் தொலைக்காட்சி வாங்கியவர் மண்டோர். வாரத்தில் ஒரு நாள் ஆர்.டி.எம். இரண்டாம் அலைவரிசையில் தமிழ்ப்படம் வரும். அன்று மாலை மண்டோர் வீட்டு வாசலில் இருபது சோடிச் செருப்பு கிடக்கும். பெரியவர்கள் நாற்காலியிலும், அம்மாமார்கள் சுவரோரத்திலும், நாங்கள் சிமெண்டுத் தரையிலும் உட்கார்ந்து பார்ப்போம். படத்தின் அடியில் மலாய் வசன வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். காது தமிழைக் கேட்கக் கண் மலாயைப் படிக்கும். நான்காம் ஆண்டில் மலாய்ப் பாடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல புள்ளிகளுக்கு யாரைப் பாராட்டுவது என்று என் ஆசிரியருக்கு விளங்கவில்லை. சிவாஜியைப் பாராட்டியிருக்கலாம்.

தோட்டத்து மின்சாரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். இயந்திர அறையில் இருந்தவருக்குப் படத்தின் நீளத்தைப் பற்றிக் கவலையில்லை. கதாநாயகன் சங்கிலியை அறுத்துக்கொண்டு எழும் நேரத்தில் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்துபோகும். இருட்டில் “ச்சே!” என்று இருபது குரல் ஒன்றாக எழும். பிறகு மண்ணெண்ணெய் விளக்கொளியில் வீடு திரும்பும்போது, அந்தப் படத்தை முன்பே கோயில் திடலில் பார்த்திருந்த என் தாத்தா மீதிக் கதையைச் சொல்வார். அவர் பார்க்காத படமாக இருந்தாலும் சொல்வார். அது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளப் பேரேட்டில் பெருவிரலைத்தான் பதிப்பார். ஆனால் 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் மோதிக்கொள்ளும் காட்சியை ஒரு சொல் பிசகாமல், இருவர் குரலிலும் பேசிக்காட்டுவார். ‘திருவிளையாடல்’ கதை வசன ஒலிநாடா கோயில் ஒலிபெருக்கியில் ஓடினால் தருமிக்கு முன்பாகவே தாத்தா பேசிவிடுவார். இறைவனிடம் தருமி சரமாரியாகக் கேள்வி கேட்கும் அந்தக் காட்சியை நாங்கள் ரப்பர் மரத்தடியில் ஆள் பிரித்து நடித்தோம். நாகேஷ் வேடத்திற்குத்தான் சண்டை. சிவபெருமானாக இருக்க எவருக்கும் விருப்பமில்லை.

பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சங்க இலக்கிய விரிவுரை நடந்தபொழுது, குறுந்தொகையின் இரண்டாம் பாடல் இறையனார் பாடியதாக வழங்குவது என்று விரிவுரைஞர் தொடங்கினார். கரும்பலகையில் எழுதிய முதல் வரியைப் பார்த்தவுடன் எனக்கு உடல் சிலிர்த்தது. தருமி பாண்டியன் அவையில் வாசித்த அதே பாட்டு! நக்கீரர் குற்றம் கண்ட அதே பாட்டு! படத்தை இயக்கிய ஏ.பி. நாகராசனே நக்கீரராக வந்து வாதிட்டதெல்லாம் கண்முன் ஓடியது. ஏட்டில் காண்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சங்கப் பாடல் ஒரு தோட்டத்துச் சிறுமியின் காதில் விழுந்திருந்தது.

அந்த மகிழ்ச்சியில் ஒரு காரியம் செய்தேன். கற்பித்தல் பயிற்சியின்போது கேள்வி வாக்கியம் நடத்த வேண்டியிருந்தது. தருமி காட்சியை இரு மாணவர்களை நடிக்கவைத்துப் பாடம் எடுத்தேன். வகுப்பு கலகலத்தது. பின்வரிசையில் இருந்து கவனித்த மேற்பார்வையாளர் என் குறிப்பேட்டில், ‘சினிமா வகுப்பறைக்கு ஏற்றதன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அவரைக் குறை கூற நான் இதனை எழுதவில்லை. அந்தக் காலத்து எண்ணம் அது. ஆனால் அந்த ஒரு வரி என்னுள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அன்று முதல் படம் பார்க்கும் நான் வீட்டிலும், படத்தைப் பழிக்கும் நான் பள்ளியிலும் என்று இருவராக வாழத் தொடங்கினேன்.

மலாய்ப் படங்களையும் விட்டுவைக்கவில்லை. நம் நாட்டில் பிறந்து பி. ரம்லீ படம் பார்க்காதவர் இருக்க முடியுமா? அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ என்னும் 1950ஆம் ஆண்டு மலாய்ப்படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்று மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ரம்லீயே இயக்கி நடித்த ‘பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்’ (1959) எனக்கு மிகப் பிடித்த படம். எழுத்தறியாத மூன்று முதிர்ந்த பிரமச்சாரிகள் பிள்ளைகளைப்போல் வகுப்பில் அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் காட்சியில் நாடே சிரித்தது. தாத்தாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஆசிரியையாகி அதே காட்சியைப் பார்த்த பிறகுதான் அந்த மௌனம் எனக்குப் புரிந்தது.

தொடர் நாடகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அம்மாவுக்கு ‘மெட்டி ஒலி’ என்றால் உயிர். ஐந்து பெண்களைப் பெற்ற அந்தத் தகப்பனாருக்காக அம்மா அழுத அழுகையை என் திருமணத்தன்றுகூட அழவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரே அறையை மூன்று வாரம் காட்டினால் எழுந்து போய்விடுவேன்.

இனி அந்தப் பையனைப் பற்றி எழுத வேண்டும். இதுவரை எழுதியது எளிது.

2009ஆம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு வகுப்பு எனக்கு. அவன் பெயரை எழுதப் போவதில்லை. வாசிப்பில் திக்குவான். ‘ல, ள, ழ’ மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். எதை வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் போடுவான். கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரி. ஆனால் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அவனைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் இரவு பார்த்த படத்தை அவன் சொல்லிக்கொண்டிருப்பான். சண்டை, பாட்டு, பின்னணி இசை எல்லாம் வாயாலேயே. அவன் கதையை முடிக்காமல் மணியடித்தால் மாணவர்கள் வகுப்புக்கு வர மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் அப்பொழுது யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவுதான் எல்லாம். ஐந்தாம் ஆண்டிலிருந்தே மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்யவைப்போம். ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று தன்கதைகள். எல்லாப் பேனாவும் ஒரே தொழிற்சாலையில் பிறந்து, ஒரே கடையில் விற்கப்பட்டு, ஒரே குப்பைத் தொட்டியில் விழுந்து அழும். அப்படி ஒரு தன்கதையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபொழுதுதான் அவன் குனிந்து வேறு எதையோ எழுதுவதைக் கண்டேன்.

அறிவியல் பயிற்சிப் புத்தகம். அதனைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். மேலே ஏதோ படப்பெயர், ஒரு துப்பாக்கிப் படம். வாங்கி வகுப்பிற்குத் தூக்கிக் காட்டினேன். “சினிமாவாடா உனக்குச் சோறு போடும்?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் கதைக்காகக் காத்துக்கிடந்த அதே பதினைந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் அழவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. புத்தகத்தை எனது அலமாரியில் போட்டுப் பூட்டினேன். ஆண்டிறுதியில் கேட்டு வாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கூட்டமும் கலைந்தது. ஒழுங்கு திரும்பிவிட்டது என்று தலைமையாசிரியரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அவன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்று மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான் என்று பின்னர் எவரோ கூறக் கேள்விப்பட்டேன். ‘பாவம்’ என்றேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

2015 டிசம்பர். பள்ளி விடுமுறை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ ஈப்போவில் திரையிடப்பட்டது. நம்மூர்த் தமிழ்ப்படம் என்பதால் கணவரை இழுத்துக்கொண்டு போனேன். ‘ஜாஹாட்’ என்னும் மலாய்ச் சொல்தான் நம்மவர் நாவில் ‘ஜகாட்’ ஆனது. கெட்டவன், அடங்காதவன் என்று பொருள். தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, மக்கள் புறம்போக்கு நிலத்துக் குடிசைகளுக்கு வந்து சேர்ந்த 1990களின் தொடக்கம்தான் களம். அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுப் பையன். குறும்பும் கற்பனையும் நிறைந்தவன். அவனுடைய தகப்பன் மணியம், மகன் எப்படியாவது படித்துக் கரையேற வேண்டும் என்று அடிக்கிறான். அன்பில்லாமல் அடிக்கவில்லை, வேறு வழி தெரியாமல் அடிக்கிறான். பையனோ குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பனின் பக்கம் சாய்கிறான்.

படத்தின் காலத்தில் எனக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். அந்தக் குடிசைகளையும் அந்தச் சீருடையையும் நான் அறிவேன். ஆகையால் முதலில் பழைய நினைவுகளோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகப் போகத் திரையில் எனக்குத் தெரிந்த இன்னொரு முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. திக்கித் திக்கி வாசிப்பவன். வாயாலேயே பின்னணி இசை போடுபவன். விளக்கு போட்ட பிறகும் நான் எழவில்லை. கணவர், “என்ன, கால் மரத்துப்போச்சா?” என்று கேட்டார். ஆமென்று தலையசைத்தேன்.

அடுத்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மொழியைக் காரணம் காட்டிப் படங்களைப் பிரித்துவைத்ததற்குப் பெரும் எதிர்ப்பு எழுந்து, விதிகள் மாற்றப்பட்டு, ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படமாக விருது பெற்றது. ஆசிரியர் அறையில் எல்லாரும் கைதட்டினோம். நம் மொழிப் படம் வென்றது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அப்போயைப் போன்ற ஒருவனின் புத்தகத்தைப் பூட்டிவைத்த கை எங்கள் அறையிலேயே தட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஏனெனில் அதற்குள் நான் அலமாரியைத் திறந்திருந்தேன். 2016 சனவரியில் பள்ளி தொடங்கிய முதல் வாரத்தில் பழைய தாள்களுக்கு அடியில் அது கிடந்தது. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. பள்ளி முடிந்தபின் தனியாக உட்கார்ந்து படித்தேன்.

முப்பத்தெட்டுப் பக்கம்! மூன்று வரிக்குமேல் எழுதாதவன் என்று நான் மதிப்பெண் பதிவேட்டில் குறித்து வைத்திருந்த பையன். காட்சி ஒன்று, காட்சி இரண்டு என்று எண் போட்டிருந்தான். யார் எங்கே நிற்க வேண்டும் என்று அடைப்புக்குள் எழுதியிருந்தான். புத்தகத்தின் நடுவே, கம்பி தைத்திருக்கும் பக்கத்தில், பெரிய எழுத்தில் ‘இடைவேலை’ என்று எழுதி ஐஸ்கிரீம் படம் ஒன்று வரைந்திருந்தான். ஒரு லோரி ஓட்டுநரின் மகன் காணாமற்போன தகப்பனைத் தேடிப் போகும் கதை. எந்தப் படத்திலிருந்தும் எடுத்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடக் காட்சி ஒன்றும் இருந்தது. பையன் வகுப்பில் ஏதோ வேடிக்கை செய்கிறான். அடைப்புக்குள், ‘டீச்சர் சிரிக்கிராங்க’ என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கம் நான் புத்தகத்தைப் பிடுங்கியதற்கு முன் எழுதியது.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் படித்தாலும் கையில் சிவப்புப் பேனா இருக்கும். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே பிழை திருத்திக்கொண்டு போயிருக்கிறேன். ‘இடைவேலை’யை ‘இடைவேளை’ ஆக்கினேன். கடைசிப் பக்கத்தில், ‘பையன் ஓடுகிறான். மலை வருகிறது’ என்று நின்றிருந்தது. அதிலும் ஒரு ‘ழ’வைப் போட்டு மழையாக்கினேன். கதை அத்தோடு நின்றது. மண்டோர் வீட்டுத் தொலைக்காட்சி அணைந்ததுபோல் இருந்தது எனக்கு.

அவனுடைய தாயாரின் தொலைபேசி எண்ணைப் பழைய கோப்பில் தேடி எடுத்தேன். அவர் அவனுடைய எண்ணைக் கொடுத்தார். கிள்ளானில் லோரி உதவியாளாக இருந்தான். அழைத்து யாரென்று சொன்னதும், “டீச்சரா? யாரும் செத்துட்டாங்களா?” என்று கேட்டான். ஆசிரியரிடமிருந்து தொலைபேசி வந்தால் வேறென்ன நினைப்பான்! புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் லோரியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “அது இன்னுமா இருக்கு?” என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. “விடுங்க டீச்சர், விடுங்க” என்று அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

நான் என்ன மாற்றிக்கொண்டேன் என்று ஆசிரியர்கள் கேட்கலாம். பெரிதாக ஒன்றுமில்லை. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்பட்ட பிறகு சற்று மூச்சு விட முடிகிறது. மாதம் ஒரு முறை ஒரு படத்திலிருந்து அரைமணி நேரக் காட்சி காட்டுகிறேன். தருமி முதலில் வந்தார். தீபக் குமாரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’யிலிருந்து (2005) ஒரு பகுதியைப் போட்டேன். 1960களின் தோட்டத்தில் பல்கலைக்கழகம் போகத் துடிக்கும் சாந்தா என்னும் பெண்ணின் கதை அது. லயத்து வீட்டையே பார்த்திராத பிள்ளைகள், “டீச்சர், குளியலறை எங்க இருக்கு?” என்று கேட்டார்கள். சில நாள் ஒலியை அடைத்துவிட்டு வசனத்தை எழுதச் சொல்வேன். சில நாள் முடிவுக்கு முன் படத்தை நிறுத்திவிட்டு விசையை அணைத்துவிடுவேன். “மின்சாரம் போயிடுச்சு, மீதியை நீங்க சொல்லுங்க” என்பேன். அப்பொழுது எழும் ‘ச்சே!’ ஒலி எனக்கு மிகவும் பழக்கமானது. மனனக் கட்டுரையில் அரைப்பக்கம் எழுதுபவர்கள் அந்த நாளில் தாள் கேட்டு வருகிறார்கள். எழுத்துப்பிழை நிறைய இருக்கும். திருத்துவதற்கு மறுநாள் இருக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வார நாளில் நள்ளிரவு வரை படம் பார்க்கவிடாதீர்கள் என்ற என் பேச்சில் மாற்றமில்லை. வெட்டும் குத்துமாக வரும் படங்களைப் பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பவர்களிடம் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் மறுநாள் காலையில் மகிழுந்தில் வரும்போது அவன் அந்தக் கதையைச் சொல்ல வாயெடுத்தால், வானொலியைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தத் தொலைபேசிப் பேச்சின் முடிவில் அவனிடம் கேட்டேன். “கடைசிப் பக்கத்துல மழை வருதுன்னு நிறுத்திட்டியே, அப்புறம் என்னடா ஆச்சு?”

“மழையா? மழையே கிடையாதே டீச்சர்.”

“நீ எழுதியிருக்கியே.”

“அது மேலேர்ந்து பெய்யுற மழை இல்ல. மலை. நம்ம ஸ்கூல் பின்னால தெரியுமே, சுண்ணாம்பு மலை, குகைக்கோயில் பக்கம். ஓடிக்கிட்டே இருக்கான், ரோடு முடிஞ்சிடுது, எதிர்ல மலை வந்திடுது. அப்பா லோரி அந்த அடிவாரத்துலதான் நிக்குது.”

முப்பத்தெட்டுப் பக்கத்தில் அந்த ஒரு ‘ல’வை அவன் சரியாகத்தான் போட்டிருந்தான். இருக்கச் சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்தேன். என் சிவப்பு ‘ழ’வை அடித்தேன். “ம், சொல்லு” என்றேன். அவன் ஏதோ ஒரு சாலைச் சந்திப்பில் லோரி நிற்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தான், நான் எழுதிக்கொண்டேன்.